தலைவர் குடியைப் பற்றிப் பேசியபோது உங்கள் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

சிம்மக்கல்_சர்வீஸ்:
ஜெயிலர் பாட்டு வெளியீட்டு விழாப் பேச்சு எல்லோரும் பார்த்ததுதான். 2023 ஜூலை கடைசி, சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கம், குடிப்பழக்கம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட சூனியம் என்று ரஜினி சொன்னாரே, அது. எனக்கு இன்னும் உறுத்துவது மறுநாள் எங்கள் கடையில் நடந்தது. மொபைல் சர்வீஸ் கடை. அங்கே ஒரு அண்ணன், மதுரையிலேயே அவர் மாதிரி போர்டு வேலை செய்ய ஆள் கிடையாது, ஆனால் காலையில் கை நடுங்கும். மதியம் பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் திறந்ததும் ஒரு நடை போய்விட்டு வந்தால் நடுக்கம் நின்றுவிடும். அதனால் ஐசி (போனுக்குள் இருக்கிற சின்ன சிப்) மாற்றுகிற வேலையை எல்லாம் அவருக்கு மதியத்துக்கு மேல்தான் கொடுப்போம். யாரும் அதைப் பேசிக்கொள்வதில்லை, அப்படியே பழகிவிட்டது.

அன்று சின்னப் பையன் ஒருவன் அந்த வீடியோவைப் போட்டான். "அண்ணே, தலைவர் உங்களைத்தாண்ணே சொல்றாரு" என்றான். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அப்புறம் போனை வாங்கி முதலிலிருந்து திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, "தப்புன்னு சொல்றாரு, சரி. எப்படி விட்டாருன்னு எங்கயாவது சொல்றாரா?" என்று கேட்டார். அது ஒரு நிமிஷம்கூட இல்லாத துண்டு வீடியோ. பையன் விரலால் தள்ளினான், அடுத்தது அதே பேச்சில் தலைவர் சொன்ன காக்கா கழுகுக் கதை வந்தது. அவ்வளவுதான், யார் காக்கா யார் கழுகு என்று இரண்டு பேருக்குள் சண்டை ஆரம்பித்து, அந்தக் கேள்வி போயே போய்விட்டது. அவரும் ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதுபோல யாருக்காவது நடந்ததா?

மருமகள்_நான்:
எனக்கு ஜூலைப் பேச்சு இல்லை, அதே வருஷம் ஜனவரியில் பேசியது. ஒய்.ஜி. மகேந்திரன் நாடக விழாவில், கண்டக்டராக இருந்த காலத்தில் தினமும் குடி, கணக்கில்லாத சிகரெட், இரண்டு வேளை கறி என்று இருந்த தன்னை அன்பால் மாற்றியது லதாதான் என்று சொன்னாரே. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நாத்தனார் பெண்ணுக்குக் காதுகுத்து, மண்டபத்தில் பந்தி நடக்கிறது, என் வீட்டுக்காரர் வாசலில் ஒரு காரின் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார், எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். என் மாமனாரின் அக்கா, நாங்கள் அத்தை என்றுதான் கூப்பிடுவோம், போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, "பாரு, அந்தப் பொண்ணு அன்பால மாத்தியிருக்கு. நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு இருந்தா அவன் எங்க போவான்?" என்றார்கள். கையில் பாயசக் கிண்ணத்தோடு நிற்கிறேன். பக்கத்தில் இருந்த மூன்று பெண்கள் தலையை ஆட்டினார்கள். அதில் இரண்டு பேர் வீட்டிலும் இதே கதைதான், அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

ரஜினியைக் குறை சொல்லவில்லை. அவர் மனைவிக்கு நன்றி சொன்னார். அதை எடுத்து என் தலையில் வைத்தவர்கள் மேல்தான் கோபம்.

முதல்நாள்_முதல்ஷோ:
முதல் பதிவு போட்டவருக்கு: அது பாட்டு வெளியீட்டு விழா சார், மருத்துவ முகாம் இல்லை. எப்படி விட்டார் என்று அங்கே நின்று பட்டியல் போடவா முடியும்? 72 வயதில், அவ்வளவு பேர் முன்னால், குடி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருப்பேன் என்று ஒரு மனுஷன் சொல்கிறார். இன்னும் எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், எண்ணிப் பாருங்கள். 2002-ல் பாபா வந்தபோது சிகரெட்டுக்காக பாமக எவ்வளவு எதிர்ப்புக் காட்டியது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும், அப்போதும் திட்டினீர்கள், இப்போது மனம் திறந்து பேசினாலும் குறைதான்.

இவ்வளவு சொல்கிற எனக்கும் ஒன்று உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெருங்குடியில் மேன்ஷன் வாழ்க்கை. அந்தப் பேச்சு வந்த வாரத்திலிருந்து எங்கள் அறையில் வெள்ளிக்கிழமை ஆனால் "மச்சி, சூனியம் வெச்சிக்கலாமா?" என்றுதான் கேட்பார்கள். குவார்ட்டருக்குப் பெயரே சூனியம் ஆகிவிட்டது. பாதி சூனியம், முழு சூனியம். படம் வந்த ஆகஸ்ட் 10 அன்று காலைக் காட்சிக்குப் போவதற்கு முன்னாலேயே அதைச் சொல்லிச் சிரித்தபடி ஊற்றினார்கள். அதில் ஒருவனுக்கு அப்பா குடியில் போனவர். அவன்தான் எல்லோரையும்விட சத்தமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கரண்ட்_கட்டு:
சாராயம் விற்பது அரசாங்கம், புத்தி சொல்வது நடிகர். 2003-லிருந்து சில்லறைக் கடையே அரசு கையில். அந்தப் பேச்சுக்கு ஒரு மாதம் முன்னால்தான் 500 கடையை மூடினார்கள், எங்கள் தெருக்கடை அந்த 500-ல் இல்லை. அனுபவம் இவ்வளவுதான்.

டீயும்_பிஸ்கட்டும்:
நான் குடியிலிருந்து வெளியே வந்தவன், சில வருஷம் ஆகிறது. ஏஏ கூட்டங்களுக்குப் போகிறேன், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற அமைப்பு அது. பெயர் வேண்டாம், எங்கள் வழக்கமே அதுதான். பத்திரிகை, வானொலி, சினிமா எதிலும் உறுப்பினர் என்று முகம் காட்டக் கூடாது என்பது அந்த அமைப்பின் பழைய மரபு. அதனால் ஒரு பிரபலம் மேடையேறிப் பேசும்போது எங்களுக்குள் இரண்டு கட்சி வரும். நல்லது, நாலு பேர் வருவார்கள் என்று ஒரு கட்சி. நாளைக்கு அவர் சறுக்கினால் எங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவார் என்று இன்னொரு கட்சி. (ரஜினி ஏஏ என்று நான் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.)

ஆனால் அந்தப் பேச்சில் எல்லோரும் வெட்டிவிட்ட ஒரு பகுதி இருக்கிறது. குடிக்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை, எப்போதாவது சந்தோஷத்துக்கு என்றால் சரி, தினமும் வேண்டாம் என்ற மாதிரிதான் சொன்னார். பழக்கம் முற்றாதவர்களுக்கு அது பரவாயில்லை. எங்களுக்கு அந்த 'எப்போதாவது' கிடையாது. ஒரு பெக் போட்டால் மூளை அடுத்ததைக் கேட்கும், அது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, நோய் அப்படி.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட அறையில் எங்கள் கூட்டம் நடக்கும். அந்த வாரம் புதிதாக ஒரு தம்பி வந்தான், நன்றாகச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, அவனுடைய அம்மா வெளியே ஆட்டோவில் காத்திருந்தார். பேசச் சொன்னால் போனை எடுத்து அந்தப் பகுதியைப் போட்டுக் காட்டுகிறான். "தலைவரே அப்பப்ப குடிக்கலாம்னுதான் சொல்றாரு, நீங்க ஏன் ஒரேயடியா நிறுத்தச் சொல்றீங்க?" அறையில் யாரும் சிரிக்கவில்லை. எங்களில் மூத்தவர், லாரி ஓட்டியவர், வீடியோ முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவருக்கு அது முடியுது, அவர் சொல்றாரு. உனக்கு முடிஞ்சிருந்தா இந்நேரம் நீ இங்க வந்திருப்பியா? டீ ஆறுது, குடி" என்றார். தம்பி டீயைக் குடித்தான். அடுத்த வாரம் வரவில்லை. பிஸ்கட் தட்டை அடுக்கும்போதெல்லாம் அவனை வாசலில் தேடிப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

மெடிக்கல்_கடைக்காரர்:
என் அனுபவம் சின்னது. அந்தப் பேச்சு வந்த சமயத்தில் ஒரு அம்மா கடைக்கு வந்து, "குடிக்கிறவங்களுக்குத் தெரியாம சாம்பார்ல போடுற மாத்திரை குடுங்க, ரஜினியே விட்டுட்டாராமே, எங்க வீட்டு ஆளும் விடட்டும்" என்றார்கள். சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று அனுப்பிவிட்டேன்.

இங்கே படிப்பவர்களுக்காகச் சிலதைச் சொல்லியே ஆக வேண்டும். 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரிலிருந்து மின்கம்பம் வரை ஒட்டியிருக்கிறார்களே, அதை நம்பாதீர்கள். பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முறையான மருந்து ஒன்று இருக்கிறது, டைசல்ஃபிரம். அது உடம்பில் இருக்கும்போது சாராயம் உள்ளே போனால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். விஷயம் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுகிறவர் அந்தப் பயத்தில் குடிக்காமல் இருப்பார், அந்த மருந்து வேலை செய்வதே அப்படித்தான். தெரியாதவர் வழக்கம்போலப் போய் ஒரு ஆஃப் அடித்தால் உயிரே போகலாம், அதுவும் இதய நோய் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று. சிம்மக்கல் கடை அண்ணன் மாதிரி காலையில் கை நடுங்குகிறவர்களை "இன்றோடு நிறுத்து" என்று சத்தியம் வாங்கி அறையில் பூட்டி வைக்காதீர்கள். கோயிலில் கயிறு கட்டிவிட்டு அன்றே நிறுத்துவதும் அதே ஆபத்துதான். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் ஆள் தெரியாமல் உளறுவது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது எல்லாம் வரலாம். பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். அது மருத்துவ அவசரம், ஆஸ்பத்திரியில் சேர்த்து, பி1 வைட்டமின் ஏற்றி, நடுக்கத்துக்கு மருந்து கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு இந்திரா நகர் டிடிகே மருத்துவமனை தெரிந்திருக்கும், குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் ஆரம்பித்தது, அங்கே வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். 14446 என்று மத்திய அரசின் இலவச உதவி எண் இருக்கிறது. இவ்வளவையும் அந்த அம்மாவிடம் சொல்லலாம் என்று பார்த்தால், கடையில் அன்றைக்குக் கூட்டம், அவர்களும் நிற்கவில்லை.

ராத்திரி_ஷிப்ட்:
யாரும் கேட்காத பிரசங்கம், ஆனால் உபயோகமானது, அதனால் மன்னிக்கலாம்.

எங்களுடையது அமெரிக்கக் கம்பெனிக்கான ராத்திரி வேலை, அதனால் எங்களுக்கு ரஜினியைவிட மேத்யூ பெர்ரிதான் பேச்சு. ஃபிரெண்ட்ஸ் தொடரின் சாண்ட்லர். 2022 நவம்பரில் தன் போதைக் கதையை மறைக்காமல் புத்தகமாக எழுதினார். ஒரு காலத்தில் நாளைக்கு 55 வலி மாத்திரை, குடல் வெடித்துப் பிழைத்தது, விடுபட மட்டும் 90 லட்சம் டாலர் போல செலவு என்றெல்லாம் வெளிப்படையாகச் சொன்னார். மாலிபுவில் இருந்த தன் வீட்டையே மீண்டு வருகிறவர்கள் தங்கும் இடமாகக் கொஞ்ச காலம் கொடுத்தவர். அடுத்த வருஷம் அக்டோபர் 28, இறந்துவிட்டார். எங்கள் டீம் குழுவில் ஒருவர் போட்டார்: "புத்தகம் வித்தாச்சு, ஆளும் போயாச்சு, இவனுங்க திருந்தவே மாட்டானுங்க." கீழே சிரிப்புப் பொம்மைகள். பிரேதப் பரிசோதனை முடிவு வர இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. கெட்டமின் என்கிற மயக்க மருந்துதான் காரணம் என்று வந்தது. அதற்கு அடுத்த வருஷம் டாக்டர்கள் உட்பட ஐந்து பேர் மேல் வழக்குப் போட்டார்கள். அந்தச் செய்தியை எங்கள் குழுவில் யாரும் போடவில்லை.

சொல்ல வந்தது அதுவல்ல. எங்கள் டீமில் ஒரு பெண், முந்தின வருஷம் 'மெடிக்கல் லீவ்' என்று நீண்ட நாள் காணாமல் போய்த் திரும்பி வந்தவள். அவள் அந்தப் பதிவுக்குக் கீழே, "அந்தப் புத்தகத்தைப் படிச்சுட்டுத்தான் நான் போய்ச் சேர்ந்தேன்" என்று ஒரே வரி எழுதினாள். அதுவரை என்ன லீவ் என்று யாருக்கும் தெரியாது. நாற்பது பேர் இருக்கிற குழு. காலை நாலு மணிவரை ஒரு பதில் இல்லை. அப்புறம் மேனேஜர் அன்றைய டிக்கெட் கணக்கைப் போட்டார், எல்லோரும் அதற்குக் கட்டைவிரல் காட்டினார்கள்.

குடும்பஸ்தன்77:
அக்காவுக்கு (மருமகள்_நான்): தப்பாக எடுத்துக்காதீங்க, அத்தை சொன்ன விதம் தப்பு, விஷயம் சரிதானே? வீட்டில் நிம்மதி இருந்தால் ஆம்பளை ஏன் வெளியே தேடப்போகிறான். எங்க அண்ணி அப்படித்தான் அண்ணனை மாத்தினாங்க.

மருமகள்_நான்:
உங்க அண்ணிக்கு என் வணக்கம். நான் கெஞ்சியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், மாலை போட வைத்திருக்கிறேன். கார்த்திகை முழுக்க ஒரு சொட்டு கிடையாது, சாமியே சரணம்தான். மலைக்குப் போய்விட்டு வந்த அன்று ராத்திரியே வழக்கம்போல. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கு என்று தனியாகக் கூட்டம் இருக்கிறது, அல்-அனான் என்று பெயர். அங்கே முதலில் சொல்லிக்கொடுப்பதே, இதை நான் உண்டாக்கவில்லை, என்னால் அடக்கவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்பதுதான். அதைக் கேட்ட பிறகுதான் நான் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தேன்.

டீயும்_பிஸ்கட்டும்:
சிம்மக்கல் தம்பி, உங்கள் அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் ஜூலைப் பேச்சில் இல்லை, ஜனவரிப் பேச்சில் இருக்கிறது. மனைவியின் அன்பு என்று மட்டும் அவர் நிறுத்தவில்லை, சரியான டாக்டர்களிடம் தன்னை லதாதான் கொண்டுபோனார் என்றும் சொல்கிறார். அதை உங்கள் அண்ணனிடம் காட்டுங்கள். மதியத்துக்கு மேல் காட்டுங்கள்.

சிம்மக்கல்_சர்வீஸ்:
சரிண்ணே. கடையில் எல்லோர் முன்னாலும் வேண்டாம், தனியாகக் காட்டுகிறேன்.

மருமகள்_நான்:
டாக்டர் என்று வருகிற அந்த இடத்தை வெட்டாமல் இருக்கிற வீடியோ யாரிடமாவது இருந்தால் எனக்கும் அனுப்புங்கள். எங்கள் அத்தைக்கு அனுப்ப வேண்டும்.