கருநிற ஐரிஸ் செடிகள் பூக்க மறுப்பது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டின் தெற்குப் பக்கத்தில், நாள் முழுவதும் வெயில் விழும் பாத்தியில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் கருநிறத் தாடி ஐரிஸ் (கீழிதழ்களில் தாடிபோல் மயிர்வரிசை கொண்ட ஐரிஸ்) வகைகளான ‘ஹலோ டார்க்னஸ்’, ‘பிஃபோர் த ஸ்டோர்ம்’ ஆகியவற்றில் மும்மூன்று கிழங்குகளை நட்டேன். இலைகள் வாள்போலச் செழித்து நிற்கின்றன. ஆனால் இதுவரை பூத்தது ஒரேயொரு தண்டுதான். அந்தப் பூவும் ஜூன் மாத வெக்கையில் இரண்டாம் நாளே விளிம்பு கருகிச் சுருங்கியது. குளிருக்குப் பயந்து கிழங்குகளை நான்கு விரல் ஆழத்தில் புதைத்து, மேலே மரச்சீவல் பரப்பியிருக்கிறேன். புல்தரைக்கு இடும் பசளையும் அங்கே போய்ச் சேர்கிறது. பிழை எங்கே என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மறுமொழி 1

வணக்கம் ஐயா. இஞ்சியைப் போல மண்ணுக்குள் மறைத்து நடவேண்டிய கிழங்கு அன்று இது. அதன் முதுகு வெயிலைக் காணவேண்டும், வேர்கள் மட்டுமே மண்ணுக்குள் இறங்கவேண்டும். ரொறன்ரோவின் குளிரை அது எளிதில் தாங்கும், தாங்காதது ஈரம். நம் பகுதியின் களிமண்ணில், மரச்சீவலுக்கு அடியில் கிடக்கும் கிழங்கு மெல்ல அழுகி நாற்றமெடுக்கும். புல்தரைப் பசளையில் நைதரசன் மிகுதி என்பதால், அது இலையை வளர்த்துப் பூவைக் குறைப்பதோடு அழுகலுக்கும் வழி திறக்கிறது.

ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட்டிலோ தோண்டியெடுத்து, இலைகளை மூன்றிலொரு பங்காக வெட்டி, மேடான பாத்தியில் 40 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடுங்கள். ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதன் பக்கக் கிழங்குகளே பூக்கும். ஆகவே பூத்து முடிந்த பழைய நடுப்பகுதியைக் கழித்துவிடலாம்.

மறுமொழி 2

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பூ கருகியதைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். இந்தக் ‘கருமை’ உண்மையில் செறிந்து திரண்ட ஊதாவே. மாலை வெயிலுக்கு எதிரே ஓர் இதழைப் பிடித்துப் பாருங்கள், உள்ளிருந்து ஊதா ஒளிரும், அதைக் காண்பதற்காகவே நான் இவற்றை வளர்க்கிறேன். அடர்நிறம் வெப்பத்தை அதிகம் உறிஞ்சுவதால் வெளிர்நிறப் பூக்களைவிட இவை விரைவில் வாடும். காலையிலிருந்து ஆறு மணிநேர வெயிலும் பிற்பகலில் மெல்லிய நிழலும் கிடைக்கும் இடமே இவற்றுக்கு ஏற்றது. செங்கற்சுவரை ஒட்டி நடவேண்டாம். அங்கே சூடும் கூடும், நிறமும் எடுபடாது. அருகில் வெளிர்மஞ்சள் ஐரிஸ் ஒன்று இருந்தால் கருமை துலங்கும்.

இன்னொன்று: இலையுதிர்காலத்தின் முடிவில் காய்ந்த இலைகளை அகற்றிவிடுங்கள். ஐரிஸ் துளைப்பான் அந்துப்பூச்சியின் முட்டைகள் அவற்றில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வசந்தத்தில் பொரிக்கும் புழு இலை வழியே கீழிறங்கிக் கிழங்கைக் குடைந்துவிடும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இது ஜூன் நடுப்பகுதிதான்; ஜூலைவரை காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

மறுமொழி 1

உண்டு. மரச்சீவலை இன்றே அகற்றி, வேரை அசைக்காமல், கிழங்கின் முதுகு தெரியும்வரை மேல்மண்ணைக் கையால் வழித்துவிடுங்கள். அப்போது கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்போல் இருந்தால் நலம், குழைந்தால் அந்தப் பகுதியை அன்றே வெட்டியெறிந்துவிட்டு, வெட்டுவாயை வெயிலில் காயவிடுங்கள்.