அப்பாவின் ரிவால்வர், "தலைக்கு ஒன்று" சட்டம்: எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு தேவைதானா?

டோங்காட் கரும்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் டோங்காட்டிலிருந்து எழுதுகிறேன். கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று எங்கள் வீட்டுப் பிரச்சினை, இன்னொன்று அதிலிருந்து கிளம்பி குடும்ப வாட்ஸப் குழுவை இரண்டாகப் பிரித்துவிட்ட சண்டை.

அப்பா போய் நான்கு மாதம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தோம். நிலப் பத்திரங்கள், பாட்டியின் மூக்குத்தி, ஒரு .38 ரிவால்வர். கரும்பு வெட்டுக் காலத்தில் ராத்திரிக் காவலுக்குப் போகும்போது இடுப்பில் செருகிக்கொண்டு போவார், ஒரு தடவை சுட்டதாகக்கூட எனக்கு நினைவில்லை, பாம்பைக்கூடத் தடியால்தான் அடிப்பார். லைசென்ஸ் 1969-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின்படி கொடுத்த பழைய பச்சை லைசென்ஸ்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு 9 மில்லி பிஸ்டல் இருக்கிறது. கடையில் இரண்டு முறை கொள்ளை நடந்த பிறகு வாங்கியது, தற்காப்பு லைசென்ஸ், அதாவது இப்போதுள்ள 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பிரிவு 13. ஸ்டேஷனில் துப்பாக்கி விவகாரம் பார்க்கும் அதிகாரியிடம் போய்க் கேட்டால், தற்காப்புக்குத் தலைக்கு ஒன்றுதான், உங்கள் கணக்கு முடிந்தது என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அம்மா அது வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறார்.

இதை வாட்ஸப்பில் புலம்பியதுதான் தப்பு. அமெரிக்காவில் வர்ஜினியாவில் இருக்கும் சித்தி மகன், இங்கேயும் மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்க முடியும், அதற்கே கோர்ட் கோர்ட்டாகச் சண்டை நடக்கிறது, கெட்டவனுக்கு ஒன்று போதும், நல்லவன் பத்து வைத்திருந்தாலும் ஆபத்தில்லை, அப்புறம் எண்ணி என்ன ஆகப்போகிறது என்று ஆரம்பித்தான். என் மச்சான் அதற்கு எதிர்ப்பாட்டு. கடைக்காரனான எனக்கு இரண்டு பக்கமும் சரி மாதிரியே தெரிகிறது. வாரிசுத் துப்பாக்கி விவகாரத்தில் அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள், அப்படியே அந்த எண்ணிக்கை வாதத்துக்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.


ஒன்பது மில்லி (லெனேஷியா) எழுதியது:

தம்பி, முதலில் வீட்டு விஷயம். அந்த ரிவால்வர் இப்போது உங்களுடையது இல்லை, அம்மாவுடையதும் இல்லை. சொத்தை நிர்வகிக்க யார் பெயரில் கடிதம் வந்திருக்கிறதோ அவர் பொறுப்பில் இருக்கிறது, அவர் அதைச் சட்டப்படி பூட்டி வைக்க வேண்டும். பெட்டி விதிப்படி இல்லையென்றால் லைசென்ஸ் உள்ள வியாபாரியிடம் வாடகைக்குக் கொடுத்து வையுங்கள். சும்மா காரில் எடுத்துக்கொண்டு திரியாதீர்கள், வழியில் நிறுத்திச் சோதனை போட்டால் அப்பாவின் மரணச் சான்றிதழைக் காட்டித் தப்பிக்க முடியாது.

அதிகாரி சொன்னது பாதிதான். தற்காப்புக்கு ஒன்று என்பது சரி. ஆனால் பிரிவு 15 என்று இருக்கிறது, எப்போதாவது வேட்டைக்கோ சுடும் போட்டிக்கோ போகிறவர்களுக்கு. அதில் நான்கு வரை வைக்கலாம், ஏற்கெனவே பிரிவு 13 லைசென்ஸ் உள்ளவருக்கு மூன்று, அந்த மூன்றில் கைத்துப்பாக்கி ஒன்றுதான். அதில் விண்ணப்பம் போடலாம். ஆனால் உண்மையிலேயே சுடப் போக வேண்டும், சும்மா எழுதிக் கொடுத்தால் நிராகரிப்பார்கள். உங்கள் தங்கைக்கோ மனைவிக்கோ லைசென்ஸ் இல்லையென்றால் அவர்கள் பயிற்சி முடித்து, தகுதிச் சான்றிதழ் வாங்கி, தங்கள் பெயரில் பிரிவு 13 கேட்கலாம். 21 வயது முடிந்திருந்தால் போதும். இல்லாவிட்டால் விற்கலாம், செயலிழக்கச் செய்யலாம், போலீஸில் ஒப்படைக்கலாம்.

இந்தக் கடைசி வழியைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. அழிப்பதற்காக மக்கள் ஒப்படைத்த துப்பாக்கிகளை ஒரு போலீஸ் கர்னலே கேப்டவுன் ரவுடிக் கும்பல்களுக்கு விற்றார், 2016-ல் 18 ஆண்டு தண்டனை. நோர்வுட் ஸ்டேஷனில் சான்றுப் பொருள் அறையிலிருந்து 158 துப்பாக்கிகள் காணாமல் போனது 2022-ல் வெளியே வந்தது. 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனில் கன்டெய்னரிலிருந்து போனது ஏறத்தாழ 15 லட்சம் தோட்டா. சாதாரண லைசென்ஸ்காரன் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்தானா என்று எண்ணுகிற நாட்டில்!

என்னிடம் ஏழு இருக்கிறது. சுடும் போட்டிச் சங்க உறுப்பினர், பிரிவு 16, அதில் உச்சவரம்பு கிடையாது. ஏழு இருந்தாலும் எனக்குக் கை இரண்டுதான். உங்கள் சித்தி மகன் சொல்வதில் தப்பில்லை.


மெரிபேங்க் சிஸ்டர் எழுதியது:

அண்ணனுக்குக் கை இரண்டுதான், ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வருகிற திருடனுக்கும் இரண்டுதான், ஆனால் அவன் பையோடு வருவான்.

முப்பது வருஷத்துக்கு மேல் அவசரப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். குண்டு பாய்ந்து வருகிறவரிடம் "சுட்டது லைசென்ஸ் துப்பாக்கியா" என்று நாங்கள் கேட்பதில்லை. ஆனால் போலீஸ் வாக்குமூலம் எடுக்கும்போது பக்கத்தில்தானே நிற்கிறோம், காதில் விழும். கள்ளத் துப்பாக்கி வானத்திலிருந்து விழுவதில்லை அண்ணா. ஒரு காலத்தில் யாரோ ஒருவர் ஒழுங்காக லைசென்ஸ் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தது, அல்லது நீங்கள் சொன்ன மாதிரி அரசாங்கத்தின் பெட்டியில் இருந்தது. வீட்டில் ஒன்று இருந்தால் போவது ஒன்று. ஏழு இருந்தால் ஏழும் போகும். எண்ணிக்கைக் கட்டுப்பாட்டுக்கு நான் சொல்லும் ஒரே காரணம் இதுதான், நல்லவன் கெட்டவன் பேச்சே வேண்டாம்.

இந்தச் சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று எங்கள் தெருவிலும் சொல்வார்கள். 2001 முதல் 2005 வரை ஐந்து பெரிய நகரங்களின் பிணவறைப் பதிவுகளை வைத்து ஆராய்ந்தார்கள், டர்பனும் அதில் உண்டு. சட்டம் வந்த காலத்தில் துப்பாக்கிக் கொலை குறைந்ததில் 4,500-க்கும் மேற்பட்ட உயிர்கள் தப்பின என்று கணக்கு வந்தது. எல்லாப் பெருமையும் சட்டத்துக்கே என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் எங்கள் சனிக்கிழமை இரவுகள் கொஞ்சம் மாறியது எனக்குத் தெரியும்.

இன்னொன்று, ஆண்கள் இந்தப் பேச்சில் எப்போதும் விட்டுவிடுவது. மனைவிக்கு ஏழும் ஒன்றும் வேறு வேறு இல்லை. 2013 பிப்ரவரி 14 அன்று ஓட்டப்பந்தய வீரர் பிஸ்டோரியஸ் வீட்டில் காதலியைச் சுட்டுக் கொன்றது லைசென்ஸ் உள்ள ஒரே ஒரு 9 மில்லி. அதனால் எண்ணுவதைவிட, விண்ணப்பம் போட்டவர் வீட்டில் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்பது பெரிய வேலை. குடும்ப வன்முறைச் சட்டத்தில் நீதிமன்றம் துப்பாக்கியைப் பறிமுதல் செய்யச் சொல்லலாம் என்று இருக்கிறது, பல பெண்களுக்கு அது தெரியவே தெரியாது. தம்பி, உங்கள் அம்மா அதை வீட்டில் வைக்க ஏன் ஆசைப்படுகிறார் என்று கேட்டீர்களா? பயத்திலா, ஞாபகத்துக்கா? பதிலைப் பொறுத்து வழி மாறும்.


ஜோபர்க் நெல்லைக்காரன் எழுதியது:

வர்ஜினியா பற்றிக் கொஞ்சம் தெரியும், இரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். நம் சட்டம் சொல்வது மொத்தம் எத்தனை வைத்திருக்கலாம் என்று. அங்கே சொல்வது எவ்வளவு வேகத்தில் வாங்கலாம் என்று. மாதம் ஒன்று வீதம் வாங்கி வருஷத்துக்குப் பன்னிரண்டு சேர்த்தால் யாரும் கேட்கப்போவதில்லை. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் உங்கள் வாட்ஸப் சண்டை தீபாவளி வரை ஓடும்.

அந்தச் சட்டம் 1993-ல் வந்தது, வைல்டர் கவர்னராக இருந்தபோது. காரணம் நல்லவனோ கெட்டவனோ இல்லை, பினாமி. வர்ஜினியாவில் விதிகள் தளர்வு, நியூயார்க்கில் கெடுபிடி. குற்றப் பதிவு இல்லாத ஒருவனுக்குக் காசு கொடுத்து ஒரே நாளில் இருபது கைத்துப்பாக்கி வாங்க வைத்து, டிக்கியில் போட்டு 95-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே கொண்டுபோய் இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்பார்கள். இருபதை ஒன்றாக்கினால் வியாபாரம் படுத்துவிடும், அவ்வளவுதான் யோசனை. வடகிழக்கில் பிடிபட்ட துப்பாக்கிகளைத் தேடிப் பார்த்தபோது, அந்தச் சட்டத்துக்குப் பிறகு வாங்கியவற்றில் வர்ஜினியாவின் பங்கு தெளிவாகக் குறைந்திருந்தது. கடத்தல்காரர்கள் வேறு மாநிலங்களுக்குப் போனார்கள் என்பதும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2012-ல் ரத்து செய்தார்கள், 2020-ல் மறுபடி கொண்டுவந்தார்கள்.

ஆனால் 2007-ல் வர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்றவன், முதல் துப்பாக்கிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே அந்த முப்பது நாளும் பொறுமையாகக் காத்திருந்து, அந்த மாதம் ஒன்று விதியை மதித்துத்தான் வாங்கினான். உங்கள் சித்தி மகன் இதை இன்னும் சொல்லவில்லையென்றால் சீக்கிரம் சொல்வான், தயாராக இருங்கள். கடத்தலைத் தடுக்கப் போட்ட வேலி அது, வெறி பிடித்தவனைத் தடுக்கப் போட்டதில்லை. கலிபோர்னியாவின் இதே மாதிரிச் சட்டத்தை 2025-ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. ஆயுதம் வைப்பது அங்கே அரசியலமைப்பு உரிமை, மாதம் ஒன்றுதான் என்று உரிமைக்கு ரேஷன் போட முடியாது என்பதுதான் வாதத்தின் சாரம். இங்கே அந்த உரிமையே கிடையாது, அதனால் அவர்கள் வாதத்தை இங்கே இறக்குமதி செய்தால் பொருந்தாது.

ஊர்க் கதை ஒன்று: இந்தியாவில் 2019 வரை மூன்று வைக்கலாம், திருத்தச் சட்டத்தில் இரண்டாக்கிவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் தாத்தா காலத்து இரட்டைக் குழல் வைத்திருந்த ஒரு பெரிய வீட்டில், எதைக் கொடுப்பது என்று அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. வாரிசுத் துப்பாக்கி என்றாலே இப்படித்தான் போல.


பீனிக்ஸ் வாசி எழுதியது:

ஒன்று மட்டும் சொல்கிறேன். 2021 மே மாதம் வெளியிட்ட திருத்த வரைவில் தற்காப்பு என்ற காரணத்தையே எடுத்துவிடப் பார்த்தார்கள். எண்ணிக்கையை ஒன்றிலிருந்து பூஜ்யமாக்குவது. மக்கள் கருத்துச் சொல்லக் கெடு ஆகஸ்ட் 2. நடுவில் அந்த ஜூலைக் கலவரம் வந்தது. எங்கள் தெருவில் நான்கு நாள் போலீஸ் வண்டியைப் பார்க்கவில்லை. அந்த வாரம் வரைக்கும் "துப்பாக்கி எதற்கு" என்று கேட்டுக்கொண்டிருந்த என் பெரியப்பா, அடுத்த மாதமே பயிற்சி வகுப்புக்குப் பெயர் கொடுத்தார். அந்த வரைவு சட்டமாக வரவில்லை.

அதே வாரத்தில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் எங்கள் டர்பன் பீனிக்ஸில் 36 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள், வேலைக்கும் கடைக்கும் போய்த் திரும்பியவர்களும் அதில் உண்டு. தெரு முனையில் தடுப்புப் போட்டு நின்றவர்கள் கையில் இருந்ததும் தற்காப்புத் துப்பாக்கி என்றுதான் சொன்னார்கள். ஒன்பது மில்லி அண்ணா, நல்லவன் யார் என்பதை அந்த நான்கு நாளில் தெரு முனையில் நின்றவன்தான் தீர்மானித்தான். நானும் இரண்டு இரவு நின்றேன், என்னிடம் இருந்தது கிரிக்கெட் மட்டை. துப்பாக்கி இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.


ஒன்பது மில்லி (லெனேஷியா) எழுதியது:

பீனிக்ஸ் தம்பிக்கு என்னிடம் பதில் இல்லை. சிஸ்டர் சொன்ன பை விஷயமும் உறுத்துகிறது, உண்மையைச் சொன்னால் ஏழில் இரண்டைத் தொட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் ஸ்டேஷன் அறையை ஒழுங்காகப் பூட்டாமல் என் பெட்டியை எண்ண வந்தால் கோபம் வரத்தான் செய்யும். இரண்டையும் செய்யட்டும், அவர்கள் முதலில் செய்யட்டும்.


டோங்காட் கரும்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர் அக்கா சொன்ன மாதிரி அம்மாவிடம் கேட்டேன். பயம் எல்லாம் இல்லையாம். அதன் மரப்பிடியில் அப்பா தன் முதல் எழுத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார், அதற்காகத்தானாம். இத்தனை நாள் எனக்குத் தெரியாது, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் இருக்கிறது.

அதனால் செயலிழக்கச் செய்து, அதற்கான சான்றிதழோடு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு. தங்கைக்குச் சுடும் பயிற்சியில் ஆசை இல்லை, பிரிவு 15-க்காக ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குப் போக எனக்கு நேரமும் இல்லை. குழாயை அடைத்து வெல்டிங் வைக்கும்போது மரப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்வார்களா, இல்லை அதுவும் கருகிவிடுமா? டர்பன் பக்கம் பதிவு பெற்ற துப்பாக்கி மெக்கானிக் யாராவது தெரிந்தால் தனி மடலில் சொல்லுங்கள். வியாபாரிக்கு இந்த மாத வாடகை கட்டியாகிவிட்டது.

சித்தி மகனுக்குப் பினாமி விஷயத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டான், இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை.