கொடைக்கானலில் 6 வயதுக்கு மேல் மாண்டிசோரி?

நாங்கள் இருப்பது நாயுடுபுரம். மகளுக்கு ஜூனில் 6 முடிகிறது. மூன்று வருடமாக மாண்டிசோரி பள்ளியில் படிக்கிறாள்; பிள்ளைகள் பொருட்களைக் கையாண்டு தாமே கற்கும் முறை அது. மணிச்சரங்களை வைத்து நான்கு இலக்கக் கூட்டலைத் தானே போடுகிறாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இப்போதுதான் ஆரம்பித்தாள். அதற்குள் பள்ளி 6 வயதோடு நின்றுவிடுகிறது.

வழக்கமான பள்ளிகள் இரண்டில் விசாரித்தோம். ஒன்றில் சேர்க்கைக்கே எழுத்துத் தேர்வு, மற்றதில் வகுப்புக்கு 40 பேர். சரி, வீட்டில் நானே நடத்தலாம் என்று விடுமுறையில் முயன்றேன். பத்து நாள் தாங்கவில்லை. மலையடிவாரத்து வத்தலகுண்டில் பள்ளிக்குத் தினமும் அனுப்பலாம் என்றால், கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கிற பிள்ளை.

இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1940-களில் தங்கி, 6–12 வயதுக்கான கல்வியை வளர்த்தெடுத்ததே இந்த ஊரில்தான். இங்கேயே அதைத் தேடி அலைகிறோம்!

கொடைக்கானல், பெருமாள்மலை, பண்ணைக்காடு பக்கம் 6–12 வயதுக்கு மாண்டிசோரி வகுப்பு எங்காவது நடக்கிறதா?