‘நம்ம வளவு’ குடும்ப அரட்டைக் குழு: லண்டனில் ஒரு திங்கட்கிழமை

திங்கள், மாலை 4.50 (இலங்கை நேரம்)

லண்டன் அக்கா: எல்லோருக்கும் வணக்கம். இன்று லீவு போட்டுவிட்டேன். பகல் ஒரு கச்சேரி, இரவு ஒப்பரா, அதுதான் பாட்டாகவே பாடி நடிக்கும் நாடகம். இடையில் ஃபோனை அணைத்து வைப்பேன், யாரும் பயப்பட வேண்டாம்.

தம்பி: அம்மம்மா பக்கத்தில் இருக்கிறா. சாப்பிட்டியா என்று கேட்கச் சொல்கிறா.

லண்டன் அக்கா: சாண்ட்விச் பையில் இருக்கிறது என்று சொல்லு.

தம்பி: அது சாப்பாடு இல்லையாம்.

அத்தான்: ஒரே நாளில் இரண்டா? அங்கே என்ன, கோயில் சடங்குக் காலமா?

லண்டன் அக்கா: இந்த ஊரில் சும்மா ஒரு திங்கட்கிழமையே இப்படித்தான் அத்தான். பகல் 1 மணிக்கு விக்மோர் ஹோல். சின்ன மண்டபம், 550 பேர் அளவில் இருக்கலாம். திங்கள் பகல் கச்சேரியை பிபிசி ரேடியோ 3 நேரடியாக ஒலிபரப்பும். அதனால் இருமல் வந்தாலும் நாடு முழுக்கக் கேட்கும்.

லண்டன் அக்கா: 📷 புகைப்படம்

கல்லடி சித்தி: அழகாக இருக்கிறதே! மேடைக்கு மேலே அது என்ன, சூரியனா?

லண்டன் அக்கா: நெருப்புக் கோளம் சித்தி. இசையின் ஆன்மா அதை அண்ணாந்து பார்ப்பதாக ஓவியம். மண்டபத்தை 1901இல் திறந்தது பெக்ஸ்டைன் என்ற ஜெர்மன் பியானோ கம்பனி. முதலாம் உலகப் போர் வந்ததும் பகைநாட்டுச் சொத்து என்று எடுத்து விற்றுவிட்டார்கள். 1917இல் தெருவின் பெயரையே மண்டபத்துக்கு வைத்துத் திறந்தார்கள்.

படுவான்கரை மாமா: சண்டை வந்தால் முதலில் மாறுவது பெயர்ப் பலகைதான், எங்களுக்குத் தெரியாததா.

லண்டன் அக்கா: சரி, கதவு திறக்கிறார்கள். மறுகா கதைக்கிறேன்.

திங்கள், மாலை 6.55

லண்டன் அக்கா: முடிந்தது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, அவ்வளவுதான். பீத்தோவன் 1825இல் எழுதியது. கடும் வயிற்று நோயில் படுத்து எழும்பியவர், சுகம் கிடைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி என்று நடுவில் ஒரு நீண்ட பகுதி வைத்திருக்கிறார். எனக்கு அம்மம்மாவின் நேர்த்திக்கடன்தான் நினைவு வந்தது. அவ்வளவு மெதுவாக நகர்கிறது. பக்கத்தில் இருந்த கிழவர் கண்ணை மூடியபடியே இருந்தார், நித்திரை என்று நினைத்தேன். பார்த்தால் விரல் தாளம் போடுகிறது.

கல்லடி சித்தி: அந்தப் பகுதியை வகுப்பில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன் மகள். லிடியன் என்ற பழைய தேவாலய சுரவரிசையில் எழுதியிருக்கிறார். மத்திமம் பிரதி மத்திமம், எல்லாம் நம் கல்யாணி ராகத்தின் சுரங்கள்தான். ஆனால் கல்யாணி என்று நினைத்துக் கேட்டால் ஏமாற்றம், கமகம் ஒன்றும் வராது. சுரம் அசையாமல் நிற்கும்.

படுவான்கரை மாமா: அந்த மனுசனுக்குக் காது கேட்காது என்றல்லவா படித்தோம்?

கல்லடி சித்தி: ஓம் அண்ணா. 1825இல் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காது. ஆட்கள் கொப்பியில் எழுதிக் காட்டித்தான் அவரோடு கதைத்தார்கள்.

படுவான்கரை மாமா: 🙏

தம்பி: அக்கா, ஓகஸ்டில் படிக்க வரும்போது எனக்கும் இதெல்லாம் கட்டுப்படியாகுமா?

லண்டன் அக்கா: ஓகஸ்ட் என்றால் உனக்கு யோகம். ரோயல் ஆல்பர்ட் ஹோலில் ப்ரொம்ஸ் என்ற இசைவிழா நடக்கும், ஜூலை நடுவில் இருந்து செப்டம்பர் நடு வரை. 1895இல் வேறொரு மண்டபத்தில் தொடங்கியது. அந்த மண்டபம் 1941இல் குண்டு விழுந்து எரிந்ததால் விழா இங்கே வந்துவிட்டது. 5000 பேருக்கு மேல் கொள்ளும் நீள்வட்ட மண்டபம். மேடைக்கு நேர் முன்னால் நின்று கேட்கும் டிக்கெட் 10 பவுணுக்கும் குறைவு. பெரிய சம்பளக்காரன் பின்னால் இருப்பான், நீ முன்னால் நிற்பாய். கால் நோகும், அவ்வளவுதான்.

தம்பி: கூத்துப் பார்க்க வட்டக்களரியைச் சுற்றி விடிய விடிய நின்ற கால்தானே.

லண்டன் அக்கா: அந்த மண்டபத்தில் முந்தி எதிரொலி தாங்காதாம். 1969இல் கூரையில் இருந்து பெரிய காளான் மாதிரித் தட்டுகளைத் தொங்கவிட்டபிறகுதான் ஓரளவு சரியானது.

லண்டன் அக்கா: நான் இப்போது கொவென்ட் கார்டன் ஒப்பரா மண்டபத்துக்கு நடக்கிறேன். இரவு 7 மணிக்கு ‘லா த்ராவியாத்தா’ என்ற ஒப்பரா.

அத்தான்: கதை என்ன? இரண்டு வரியில் சொல்லும்.

லண்டன் அக்கா: பாரிஸில் வயலெட்டா என்று ஒரு பெண். பணக்காரர்களின் தயவில் வாழ்பவள், காச நோய்க்காரி. அல்ஃப்ரெடோ என்ற பொடியனை விரும்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவனோடு போகிறாள். அவனுடைய தகப்பன் வந்து, நீ இவனோடு இருந்தால் என் மகளின் கலியாணம் குழம்பும், விட்டுப் போ என்கிறார்.

அத்தான்: தங்கச்சியின் கலியாணமா? இது நம்ம ஊர்க் கதை!

படுவான்கரை மாமா: அவள் விட்டுப் போனாளா?

லண்டன் அக்கா: போனாள். காரணத்தையும் அவனிடம் சொல்லவில்லை. மிச்சத்தை நாளைக்குச் சொல்கிறேன் மாமா.

படுவான்கரை மாமா: இனி எனக்கு நித்திரை வராது.

செவ்வாய், காலை 6.10

படுவான்கரை மாமா: செத்துப் போனாளா?

அத்தான்: மாமா, அங்கே இப்போது சாமம்.

செவ்வாய், நண்பகல் 12.30

லண்டன் அக்கா: செத்துப் போனாள் மாமா. தகப்பனும் மகனும் மன்னிப்புக் கேட்டு வந்த அன்றைக்கே. வெனிஸில் 1853இல் முதல் முறை ஆடியபோது இந்த இடத்தில் சபை சிரித்ததாம். காச நோய்க்காரியாக நடித்தவர் நல்ல தடித்த உடம்பு. நேற்று ஒருவரும் சிரிக்கவில்லை. 1994இல் செய்த காட்சியமைப்பைத்தான் இன்னும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், இடமும் நிறைகிறது.

லண்டன் அக்கா: என் இருக்கை கூரைக்குக் கீழே, ஓரத்தில். மேடையில் கால்வாசி தெரியாது. ஆனால் கடைசி அங்கத்தில் வயலெட்டா அல்ஃப்ரெடோவின் தகப்பன் எழுதிய கடிதத்தை வாசிக்கிறாள், பாடாமல் வெறும் பேச்சாக. பின்னால் வயலின் மெல்ல ஒலிக்கிறது. அந்த மெல்லிய குரல் என் உச்சி இருக்கை வரை வந்தது. 2250 பேர் இருக்கக்கூடிய மண்டபம், மைக் கிடையாது.

படுவான்கரை மாமா: கிடையாதா?

லண்டன் அக்கா: கிடையாது மாமா. கீழே பள்ளத்தில் ஒரு முழு இசைக்குழு வேறு.

கல்லடி சித்தி: அதற்குக் காரணம் இருக்கிறது. இசைக்குழுவின் பலமெல்லாம் 500 ஹேர்ட்ஸை, அதாவது செக்கனுக்கு 500 அதிர்வை ஒட்டித்தான். ஒப்பராப் பாடகர் பலர் தொண்டையைப் பழக்கிப் பழக்கி 3000 ஹேர்ட்ஸ் பக்கத்தில் குரலைத் தீட்டி வைக்கிறார்கள். அங்கே வாத்தியங்களுக்குப் பலம் குறைவு, நம் காதோ அங்கேதான் கூர்மை. அதனால் குரல் மேலே மிதந்து வரும். கத்துகிறார்கள் என்று நீங்கள் எப்போதும் சொல்வீர்கள் அண்ணா, அது கத்துவது இல்லை.

படுவான்கரை மாமா: கத்துகிறார்கள் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் ஒன்று கேளுங்கள். எங்கள் காலத்தில் கன்னன்குடாப் பக்கம் கூத்தென்றால் மைக் எங்கே இருந்தது? வடமோடிக் கூத்தில் அந்த விரிந்த கரப்புடுப்பைக் கட்டிக்கொண்டு, துள்ளிக்கொண்டு பாடினோம். ஒரு அடி பாடிவிட்டு ஆடுவோம், பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார்கள். ஆட்டக்காரனுக்கு மூச்சு, தூரத்தில் இருப்பவனுக்குப் பாட்டு. நாலு பக்கமும் சனம், அதனால் நாலு பக்கமும் திரும்பித்தான் பாடுவோம். வெள்ளைக்காரப் பாடகரை ஆடிக்கொண்டு பாடச் சொல்லுங்கள் பார்ப்போம்.

லண்டன் அக்கா: அதில் கூத்துக்குத்தான் வெற்றி மாமா 😄

படுவான்கரை மாமா: இப்போது நடுவில் மைக்கைத் தொங்கவிட்டு எல்லோரும் அதற்குக் கீழே வந்து நிற்கிறார்கள். களரி வட்டம், ஆட்டம் ஒரு புள்ளி. மத்தளம் ஸ்பீக்கர் பெட்டியில் இடிக்கிறது, பாட்டின் சொல் ஒன்றும் விளங்கவில்லை.

கல்லடி சித்தி: பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைச் சுருக்கி மண்டப மேடைக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு பக்கம் பார்த்து ஆடலாம், அது வேறு கணக்கு. ஊர்க் களரியில் அண்ணா சொல்வதுதான் சரி.

அத்தான்: சரி சரி, கதை எங்கே போகிறது என்று விளங்குகிறது. நம் ஊர்க் கூத்தின் அடுத்த மாத அரங்கேற்றத்துக்கு மைக், சவுண்ட் வேண்டாம் என்கிறீர்களா? வீதியில் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் ஓடுகிற இரவு, ஐஸ்கிரீம் வானில் பாட்டு வேறு. முந்தைய காலத்து அமைதி இல்லை மாமா.

லண்டன் அக்கா: அத்தான் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நேற்று அங்கே ஒரு தாள் சரசரத்தாலும் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். சனமும் அடங்கி இருந்தால்தான் மைக் இல்லாமல் முடியும்.

படுவான்கரை மாமா: ஐஸ்கிரீம் வானைப் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தச் சொல்லலாம்.

தம்பி: அங்கே டிக்கெட் விலையைக் கூட்டினால் சனம் என்ன செய்யும் அக்கா?

லண்டன் அக்கா: நல்ல கேள்வி. நேற்றுப் போன ஒப்பரா மண்டபத்தின் இடத்தில் இருந்த பழைய தியேட்டர் 1808இல் எரிந்தது. அடுத்த வருடம் புதிதாகக் கட்டி விலையைக் கூட்டினார்கள். சனம் ஒவ்வொரு இரவும் வந்து கூச்சல், மணி, சட்டி தட்டல். இரண்டு மாதத்துக்கு மேல் விடவில்லை, நிர்வாகம் பணிந்தது. அந்தக் கட்டடமும் 1856இல் எரிந்தது. இப்போது இருப்பது மூன்றாவது, 1858.

படுவான்கரை மாமா: மணி அடித்துக் காரியம் சாதிக்கலாம் என்கிறாய்.

அத்தான்: மாமா, வேண்டாம். சவுண்ட்காரர் அட்வான்ஸ் வாங்கிவிட்டார்.

கல்லடி சித்தி: நடுவழி ஒன்று பாருங்கள். ஆட்டக்காரருக்கு மைக் வேண்டாம், மத்தளத்துக்கும் வேண்டாம். பிற்பாட்டுக்காரருக்கு மட்டும் ஒன்று, சத்தத்தைக் குறைத்து. ஒத்திகையில் ஒருநாள் போட்டுப் பார்த்து, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரே முடிவு சொல்லட்டும்.

படுவான்கரை மாமா: அண்ணாவியார் சொன்னால் சரி. அறிவித்தலுக்கு இன்னொரு மைக் போதும்.

அத்தான்: இந்த முறை அறிவிப்பாளர் நீங்கள்தான் மாமா. கூட்டத்தில் தீர்மானித்துவிட்டோம்.

படுவான்கரை மாமா: அப்படியா? அப்ப அந்த மைக் நல்லதாக இருக்கட்டும்.