அறைத்தோழிக்கு இனிப்பது எனக்கு ஏன் குமட்டுகிறது?

கேள்வி (புதுமாணவி):

முதுகலை படிப்பதற்காக வெளிநாட்டுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. பல நாட்டு மாணவர்களுக்கும் ஒரே சமையலறை உள்ள விடுதியில் தங்கியிருக்கிறேன். மொழிக்கும் குளிருக்கும் தயாராகத்தான் வந்தேன். சுவை விஷயத்தில் இவ்வளவு தடுமாறுவேன் என்று நினைக்கவில்லை. சென்ற வாரம் என் அமெரிக்க அறைத்தோழி, தன் வீட்டிலிருந்து வந்த பால் சாக்லேட்டை ஆசையாக உடைத்துக் கொடுத்தாள். வாயில் போட்டதும் முதலில் தித்திப்பு. அது கரைவதற்குள், வாந்தி எடுத்த பிறகு தொண்டையில் தங்குமே ஒரு புளிப்பு, அதே புளிப்பு மேலெழுந்து வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் துப்பவும் முடியவில்லை. பதிலுக்கு நான் பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்துச் செய்த இனிப்பைக் கொடுத்தேன். அரைக் கரண்டி சாப்பிட்டுவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தாள். பின்லாந்து மாணவர் ஒருவர் நீட்டிய கறுப்பு மிட்டாயோ உப்புக் கரித்தது. இந்த வேறுபாடெல்லாம் பிறவியிலேயே வருவதா, பழக்கத்தால் வருவதா? நாளடைவில் என் நாக்கு மாறுமா?

பதில் 1 (உணவு வேதியியல் படித்தவன்):

சாக்லேட்டில் நீங்கள் உணர்ந்தது வீண் கற்பனையன்று. அமெரிக்கப் பால் சாக்லேட்டுகள் சிலவற்றில் பியூட்டிரிக் அமிலம் இருக்கிறது. பால் கொழுப்பு சிதையும்போது உண்டாகும் இந்த அமிலம் வாந்தியிலும் உண்டு, முதிர்ந்த பாலாடைக்கட்டியிலும் உண்டு. சிறு வயதிலிருந்து அதைத் தின்று வளர்ந்தவருக்கு அந்தப் புளிப்புதான் சாக்லேட்டின் அடையாளம். அது இல்லாத சாக்லேட் அவருக்குச் சப்பென்று இருக்கும். கறுப்பு மிட்டாயில் இருந்ததும் பெரும்பாலும் சாதாரண உப்பாக இராது, அம்மோனியம் குளோரைடாகத்தான் இருக்கும். அதிமதுரத்தோடு அதைச் சேர்த்துச் செய்யும் மிட்டாய் வட ஐரோப்பிய நாடுகளிலும் நெதர்லாந்திலும் குழந்தைகள் விரும்பித் தின்பது.

ஒரு மணத்துக்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம் என்பதும் முக்கியம். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே மணத்தைப் பாலாடைக்கட்டி என்ற பெயரோடும், உடல் நாற்றம் என்ற பெயரோடும் முகரச் செய்தார்கள். முதல் பெயரோடு முகர்ந்தபோது அது இனிமையாகவும், இரண்டாவதோடு முகர்ந்தபோது அருவருப்பாகவும் பட்டது. உங்கள் மனம் அந்தப் புளிப்புக்கு வாந்தி என்று பெயர் வைத்துவிட்டது. அறைத்தோழிக்கு அந்தப் பெயர் தோன்றியதே இல்லை.

பதில் 2 (ஊட்டச்சத்து ஆலோசகர்):

பிறவி, பழக்கம் இரண்டும் உண்டு, ஆனால் சம அளவில் இல்லை. பிறந்த குழந்தை எந்த நாட்டில் பிறந்தாலும் இனிப்பைச் சப்புக்கொட்டிக் குடிக்கும், கசப்புக்கு முகம் சுளிக்கும். கசப்பு உணர்வில் பிறவி வேறுபாடும் உண்டு: 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் ஒரு தூள் காற்றில் பறந்தபோது, உடனிருந்தவர் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் இந்த மரபணு வேறுபாடு ஒரே குடும்பத்துக்குள்ளும் இருப்பதால், அதை வைத்து ஒரு நாட்டாரின் விருப்பத்தை விளக்கிவிட முடியாது.

மற்றவை பெரும்பாலும் பழக்கம். அது கருவறையிலேயே தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் கேரட் சாறு குடித்துவந்த தாய்மாரின் குழந்தைகள், பின்னர் கேரட் சுவை சேர்த்த கூழை மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்து உண்டதாக 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் கடைசிக் கேள்விக்கு, உப்பைப் பொறுத்தவரை நிச்சயமாக மாறும் என்றே சொல்வேன். சில மாதங்கள் உப்பைக் குறைத்து உண்டவர்களுக்கு, முன்பு அளவாக இருந்த உப்பே கரிப்பாகத் தோன்றத் தொடங்கிவிடுகிறது. ஆகவே விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது அம்மாவின் சமையலில் உப்பு கூடிவிட்டது என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

பதில் 3 (பழைய விடுதிவாசி):

எல்லாரும் நாக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அதில் சிறு மறுப்பு உண்டு. நாம் அறுசுவையில் சேர்த்து எண்ணும் கார்ப்பு, அறிவியல் கணக்கில் சுவையே அன்று, எரிச்சல். மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் என்ற பொருளை உணரும் ஏற்பியை (நரம்பு முனையிலுள்ள உணர்புரதத்தை) 1997-இல் இனங்கண்ட டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசு பெற்றார். சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டையும் அதே ஏற்பிதான் உணர்கிறது. துவர்ப்பும், வாயின் வழவழப்பு போய் இழுத்துப் பிடிக்கிற தொடு உணர்வோடு சேர்ந்தது. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதியோ, மெல்லும்போது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம். நம்பிக்கை இல்லையென்றால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு அந்தச் சாக்லேட்டை இன்னொரு முறை தின்று பாருங்கள்.

புதுமாணவி:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவே செய்து பார்த்தோம். மூக்கைப் பிடித்திருந்த வரையில் வெறும் தித்திப்பும் லேசான கசப்பும்தான் தெரிந்தன. விரலை எடுத்த நொடியில் அந்தப் புளிப்பு வந்து நின்றது. அறைத்தோழியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு என் இனிப்பைச் சாப்பிட்டுப் பார்த்தாள். பால் மணம் போய்விட்டதாம். தித்திப்பு மட்டும் துளியும் குறையவில்லை என்று சொல்லி, மறுபடியும் தண்ணீரைத் தேடிப் போனாள்.