கணுக்கால் சுளுக்கு, இனி ஐஸா வெந்நீரா?
மக்களே ஒரு ஹெல்ப், ஞாயித்துக்கிழமை வாலிபால் ஆடறப்ப தம்பிக்கு கணுக்கால் மடங்கிடுச்சு, எக்ஸ்ரே பாத்தாச்சு எலும்புக்கு ஒண்ணுமில்ல, ஜவ்வு தான் லேசா இழுத்திருக்குன்னு டாக்டர் சொன்னார். மொத ரெண்டு நாள் துணியில சுத்தி 15, 20 நிமிஷம் ஐஸ் வச்சு, கிரேப் பேண்டேஜ் கட்டி, தலகாணி மேல கால தூக்கி வச்சதுல வீக்கம் பாதி வத்திடுச்சு. இப்ப அஞ்சாவது நாள், பாட்டி எண்ணெய் காய்ச்சி உருவி விடணும்னு பிடிவாதமா இருக்காங்க, பக்கத்து வீட்டு அண்ணா புத்தூர் கட்டு போட சொல்றார், எனக்கு வீக்கம் இருக்கறப்பவே அழுத்தி உருவினா மோசமாகிடுமோன்னு பயமா இருக்கு. இதே மாதிரி சுளுக்கு பட்டவங்க வெந்நீர் ஒத்தடம் எப்ப ஆரம்பிச்சீங்க? பிசியோதெரபி எத்தன நாள் போனீங்க? ஒத்தக்கால்ல நின்னு பேலன்ஸ் பண்ற பயிற்சி செஞ்சா திரும்ப மடங்காதுங்கறாங்க, அத வலி முழுசா போனப்புறம் தான் செய்யணுமா? அடுத்த மாசம் அவனுக்கு மேட்ச் இருக்கு, ப்ளீஸ் சொல்லுங்க.