நான் எழுதிய கேம் எனக்கு மட்டும்தான் சுலபமா?

குகைவாசி: கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினிக்கு ஒரு குகை கேம் எழுதி முடித்தேன். பன்னிரண்டு அறை, மூன்று உயிர். நான் பாதித் தூக்கத்தில்கூட முடித்துவிடுவேன். நேற்று தங்கச்சி மகன் அவன் லேப்டாப்பில், அந்தக் கணினி மாதிரியே இயங்கும் எமுலேட்டர் மென்பொருளில் ஆடினான். இரண்டாம் அறை வௌவாலிடமே ஒன்பது தடவை செத்தான். “மாமா, இது போங்கு” என்று எழுந்து போய்விட்டான். உயிரை ஐந்தாக்கினால் சரியாகுமா?

பழையபெட்டி: ஆகாது. அதே வௌவாலிடம் இன்னும் இரண்டு தடவை சாவான், அவ்வளவுதான். வௌவால் ஆள் மேல் மோதியதா என்பதை, திரையில் படம் காட்டும் விக் சிப்பின் ரெஜிஸ்டரை (அதன் உள் பதிவை) படித்துத்தான் பார்க்கிறீர்களா? அது ஒரு புள்ளி உரசினாலே மோதல் என்று சொல்லிவிடும். இறக்கை நுனி பட்டுச் செத்தால் ஆடுகிறவனுக்கு எரிச்சல்தான் வரும். ஸ்ப்ரைட், அதாவது திரையில் நகரும் உருவம், 24க்கு 21 புள்ளி. நடுவில் சின்னதாக ஒரு பெட்டி வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள்.

ராஸ்டர்: எமுலேட்டர் பால் (PAL) டிவி முறையில் இருக்கிறதா, என்டிஎஸ்சி (NTSC) முறையிலா? பால் முறையில் திரை நொடிக்குச் சுமார் 50 ஃப்ரேம் (முழுப் படம்) காட்டும், மற்றதில் 60. ஃப்ரேமுக்கு ஒரு அடி என்று நகர்த்தியிருந்தால் என்டிஎஸ்சியில் வௌவால் 20 சதவீதம் வேகமாகப் பறக்கும்.

குகைவாசி: அட, என்டிஎஸ்சிதான்! என் மெஷின் பால். இப்போது என்டிஎஸ்சியில் ஆறு ஃப்ரேமுக்கு ஒரு தடவை நகர்வை விட்டுவிடுகிறேன். மோதல் பெட்டி 12க்கு 10. உயிர் அதே மூன்று. பையன் இன்று நாலாம் அறை வரை வந்துவிட்டான். அங்கே ஒரு சிலந்தி இருக்கிறது, அதைப் பற்றி நாளை திட்டு வாங்குவேன்.